பின் கொட்டகையில் நாற்பது

மார்ச் 3

பெரிய சிஸ்டர் அவர்களுக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோடு போட்ட தாள்தான், ஆனாலும் என் எழுத்துகளுக்குக் கோட்டின் மேல் நடந்து பழக்கமில்லை. சில வரி மேலே ஏறும், சில வரி கீழே சறுக்கும். 'ழ' வந்தால் பேனாவை எடுத்துவிட்டு ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டுதான் போடுகிறேன். இந்தக் கடிதத்தை எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று. நீங்கள் நான்கு நிமிடத்தில் படித்துவிடுவீர்கள். அதை நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

யார் எழுதுவது என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். நான்தான், ஆக்சிஜன் ஸ்டோரில் முப்பத்தொரு வருஷம் சிலிண்டர் உருட்டியவன். ஸ்பானரும் கையுமாகத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே திரிவதால் ஆஸ்பத்திரியே டங்கு அண்ணன் என்று பெயர் வைத்ததே, அவன்தான்.

சிஸ்டரம்மா, எனக்கு இப்போது எழுதப் படிக்கத் தெரியும். மருமகள் சொல்லிக்கொடுத்தாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, "மாமா, எழுத்து எங்கேயும் ஓடிடாது, மெதுவா எழுதுங்க" என்பாள். ஏழு மாதத்தில் வந்துவிட்டது. இப்போது தெருவில் நடக்கவே நேரமாகிறது. எல்லா போர்டையும் படித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறேன். ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலை உண்டே, அங்கே நான் எத்தனையோ வருஷம் எச்சில் துப்பியிருக்கிறேன். போன வாரம் அந்தச் சுவரைப் படித்தேன். "இங்கே துப்பாதீர்கள்" என்று இருக்கிறது. அதுவும் சிவப்புப் பெயின்டில்.

என் வீட்டுக்காரிக்குத்தான் கோபம். "கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம், எனக்கு ஒரு கடுதாசி போடல. மொதக் கடுதாசி அந்த சிஸ்டருக்கா?" என்கிறாள். பக்கத்தில் இருப்பவளுக்கு எதற்குக் கடிதம் என்றேன். அதற்கு அவள் சொன்னதை எழுத எனக்கு இன்னும் எழுத்து போதாது.

ஆஸ்பத்திரியில் மறுபடியும் ஏற்பாடு நடக்கிறது. இன்னொரு அலை வரும் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். பழைய கேன்டீனைக் காலி செய்து முப்பது கட்டில் போட்டிருக்கிறார்கள். காய்ச்சல்காரர்களுக்குத் தனி வாசல், தனிக் கழிப்பறை. சுவரில் அம்புக்குறி. வேடிக்கை பார்க்கப் போனவன் அம்புக்குறியைப் படித்துக்கொண்டே போய்ப் பிரசவ வார்டில் நின்றேன். ஒட்டினவன் தலைகீழாக ஒட்டிவிட்டான்.

உங்களுக்கு அந்த ஊர் எப்படி இருக்கிறது? முட்டிவலி எப்படி? மேலே எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. கை வலிக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
டங்கு

---

மார்ச் 14

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. நான்கு நிமிடத்தில் படிக்கவில்லை. இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன்.

முட்டி அப்படியேதான் இருக்கிறது. ஊர் பழகிவிட்டது. இது நாற்பது கட்டில் உள்ள சின்ன ஆஸ்பத்திரி. இங்கேயும் ஏற்பாடுதான். மேலிடத்திலிருந்து தினமும் போன் வருகிறது. எத்தனை கட்டில் என்று கேட்கிறார்கள். ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க எத்தனை ஆள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கவச உடையைக் கழற்றும் பயிற்சியைப் பிள்ளைகளுக்கு நான்தான் நடத்துகிறேன். போடுவதை எல்லோரும் ஒழுங்காகப் போடுகிறார்கள். கழற்றும்போதுதான் அவசரம், கை முகத்துக்குப் போய்விடுகிறது.

நீங்கள் எழுதக் கற்றுக்கொண்டது நல்ல விஷயம். ஆனால் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், மாடிப்படி மூலை வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். என்னை ஏன் இந்த ஊருக்கு மாற்றினார்கள் என்பது மட்டும் அதில் இல்லை. கை வலி என்றால் எனக்குப் புரியும். முப்பத்தொரு வருஷம் சிலிண்டர் உருட்டிய கைக்கு ஒரு பேனா அவ்வளவு கனமா என்றுதான் புரியவில்லை.

எனக்கு ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அந்த ஒரு வருஷத்தையாவது நம் ஆஸ்பத்திரியில் முடிக்க வேண்டும் என்று மூன்று முறை மனுப் போட்டுவிட்டேன். மூன்று முறையும் ஒரே பதில்தான். 'கவனக்குறைவு' என்று என் ஃபைலில் ஒரு குறிப்பு இருக்கிறது. அது இருக்கிற வரை அந்த ஆஸ்பத்திரிக்குத் திரும்ப முடியாது.

பழைய கேன்டீன் சுவரில் மழை பெய்தால் ஈரம் கசியும். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

பெரிய சிஸ்டர்

---

மார்ச் 27

சிஸ்டரம்மா,

நீங்கள் கேட்டது நியாயம். கை வலி என்று எழுதியது பொய். எழுதக் கற்றுக்கொண்டவன் முதல் கடிதத்திலேயே பொய் எழுதிவிட்டேன்.

போன திங்கட்கிழமை ஸ்டோருக்குப் போனேன். இப்போது அங்கே ஸ்டோர் பார்ப்பது ஒரு அம்மா. முன்பு காஸ் நிரப்பும் கம்பெனியில் இருந்தவராம். என்னைப் பார்த்ததும், "ஓ, நீங்கதான் அந்த டங்கா? உங்க ஸ்பானர் இன்னும் இங்கதான் இருக்கு, யாரும் தொடல, பேய் வரும்னு பயம்" என்றார். பழைய ஃபைல் பார்க்கலாமா என்று கேட்டேன். எதற்கு என்றார். படிக்க என்றேன். அந்தச் சொல்லை ஆஸ்பத்திரிக்குள் நின்று சொன்னது அதுதான் முதல் தடவை.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஏற்பாட்டுப் பட்டியல் இருந்தது. நீங்கள் கையெழுத்துப் போட்டது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து, விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. ஏழாவது வரியில் இருந்தது: "பின் கொட்டகை. சிலிண்டர் நாற்பது. நிரம்பியவை."

எனக்குத் தெரியும் சிஸ்டரம்மா, அந்த நாற்பதும் காலி. நானே தட்டிப் பார்த்து, நானே பின்னால் கொண்டுபோய் அடுக்கியவை. நிரம்பினது மொத்தையாகச் சத்தம் போடும், காலியானது மணி மாதிரி இழுக்கும். அந்த நாற்பதும் மணி மாதிரி இழுத்தன. ஆபீசில் அதற்கு முந்தைய மாதப் பட்டியலை அப்படியே பார்த்து எழுதிவிட்டார்கள். மேலதிகாரி வந்து நின்றபோது நீங்கள் அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே, சரியா இருக்கா?" என்று கேட்டீர்கள். நான் தாளை வாங்கினேன். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். கண்ணை எவ்வளவு நேரம் தாளில் வைத்தால் படித்த மாதிரி இருக்கும் என்பது எனக்கு அத்துப்படி. "சரியா இருக்கு சிஸ்டர்" என்றேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்று எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை முப்பத்தொரு வருஷமும் நிறுத்தவே முடியவில்லை.

காலி சிலிண்டரை எடுத்துப்போக லாரி வரும் என்று காத்திருந்தேன். எல்லா ஊரிலும் நெருக்கடி, அதனால் தாமதம் என்று நினைத்தேன். நம்மிடம் எல்லாம் நிரம்பியிருக்கிறது என்று தாள் போனதால் லாரி வேறு ஊருக்குப் போய்விட்டது எனக்குத் தெரியாது. நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒன்பதாவது நாள் மத்தியானம் வார்டு நிறைந்து, தாழ்வாரமும் நிறைந்து, ஒவ்வொரு சிலிண்டராக மீட்டர் முள் இறங்கியபோது நீங்கள் ஜன்னலில் இருந்து கத்தினீர்கள்.

"அண்ணே, பின் கொட்டகைலேர்ந்து உருட்டுங்க. நாப்பது இருக்குல்ல."

"அது காலி சிஸ்டர்."

உங்கள் முகம் அப்போது போன போக்கை நான் எழுத மாட்டேன். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

லாரி வர ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. நீங்களும் பிள்ளைகளும் கையால் மூச்சுப் பலூனை அமுக்கி அமுக்கி அத்தனை பேரையும் இழுத்துப் பிடித்தீர்கள். பதினேழாம் கட்டில்காரரை மட்டும் முடியவில்லை. மார்க்கெட் தெருவில் பூட்டு ரிப்பேர் செய்பவர். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நீங்க தட்டிப் பாக்குறீங்க, நான் காது வச்சுக் கேக்குறேன், ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான்" என்பார்.

பிறகு விசாரணை. மூன்று அதிகாரிகள். நீங்கள் எனக்குப் பக்கத்து நாற்காலியில். "சிஸ்டர் உங்ககிட்ட பட்டியலைக் காட்டினாங்களா?" என்று கேட்டார்கள். காட்டினார்கள் என்றால் அடுத்த கேள்வி, படித்தாயா என்பது. எனக்கு ஓய்வுபெற நான்கு மாதம் இருந்தது. "இல்ல சார், காட்டல" என்றேன்.

நீங்கள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பித் திட்டியிருந்தால் நான் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. இதுவும் ஒரு சாக்குத்தான்.

இதை எழுத ஒன்பது நாள் ஆயிற்று. மருமகளிடம் ஒரு சொல்கூடக் கேட்காமல் நானாக எழுதினேன். பிழை இருந்தால் அது என்னுடையது.

டங்கு

---

ஏப்ரல் 6

அண்ணனுக்கு,

படித்தேன். பணி அறையில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கி, கதவைச் சாத்திவிட்டு மீதியைப் படித்தேன்.

நீங்கள் இத்தனை எழுதிய பிறகு நான் சும்மா இருப்பது சரியில்லை. உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும்.

சிறந்த பணியாளர் என்று உங்கள் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம், நினைவிருக்கிறதா? பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. நீங்கள் அதன் மேலேயே சாய்ந்து நின்றுகொண்டு, "என்ன சிஸ்டர், ஒரே கூட்டம், யாருக்கு என்ன?" என்று கேட்டீர்கள். அன்றைக்குப் புரிந்தது. வம்பு பேசுவது போல உங்களிடம் சொல்லிவிட்டுப் போனேன். அதற்குப் பிறகு, அந்தப் பட்டியலைத் தவிர, எந்தத் தாளையும் நான் உங்கள் கையில் கொடுத்ததில்லை. "தட்டிப் பாத்தீங்களா அண்ணே?" என்று மட்டும்தான் கேட்பேன். நீங்கள் தட்டிச் சொன்னது ஒருநாளும் தப்பாகவில்லை.

பட்டியலில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் இரண்டு ஆஸ்பத்திரி பார்க்க வேண்டும் என்றார். நான் உங்களோடு பின் கொட்டகைக்கு நடந்திருந்தால் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அவர் எதிரில் எல்லாம் முறைப்படி நடக்கிறது என்று காட்டுவதற்காகத் தாளை நீட்டினேன். நீங்கள் தலையாட்டுவீர்கள் என்று தெரிந்தே நீட்டினேன். உங்களால் படிக்க முடியாது என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். தட்டிப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

விசாரணையில் ஏன் திரும்பவில்லை என்றா கேட்கிறீர்கள்? திரும்பியிருந்தால் "அவருக்குப் படிக்கத் தெரியாது" என்பது வாயில் வந்திருக்கும். அதைச் சொன்னால், "தெரிந்தும் ஏன் கொடுத்தாய்?" என்று கேட்பார்கள். உங்களைக் காப்பாற்றுவதற்காகத்தான் வாயை மூடினேன் என்று இரண்டு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை.

உங்கள் மேல் கோபம் இல்லாமல் இல்லை. "காட்டல" என்ற அந்தச் சொல் இப்போதும் சில நாள் காதில் விழுகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரிய சிஸ்டர்

---

ஏப்ரல் 19

சிஸ்டரம்மா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை எழுத்துக் கூட்டிப் படித்ததால் அர்த்தம் மெதுவாகத்தான் வந்தது. நல்லவேளை, மொத்தமாக வந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டேன். நோட்டீஸ் போர்டில் சாய்ந்து நின்றேனா? எத்தனை பேர் பார்த்தார்களோ.

நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்கள் என்பதால் கேட்காமலே ஒரு காரியம் செய்துவிட்டேன். நடந்ததை எல்லாம் ஒரு மனுவாக எழுதிப் பெரிய டாக்டரிடம் கொடுத்தேன். இப்போது இருப்பவர் புதியவர், நம்மைத் தெரியாது. நான் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு, "இதை யார் எழுதிக் கொடுத்தது?" என்றார். நானே என்றேன். நம்பவில்லை. அவர் மேஜையில் இருந்த ஒரு தாளை எடுத்துப் படியுங்கள் என்றார். கேன்டீன் வார்டுக்கு மின்விசிறி கேட்ட கடிதம். முழுவதும் படித்தேன். நடுவில் தண்ணீர் கொடுத்தார்.

"இப்ப வந்து ஏன் சொல்றீங்க? உங்களை யாரும் கேக்கலையே" என்றார்.

"கேட்டப்பதான் சொல்லல சார்" என்றேன்.

மனுவை மேலே அனுப்பிவிட்டார். நீங்களும் மறுபடி மனுப் போட்டால் அந்தக் குறிப்பை எடுத்துவிட வாய்ப்பு இருக்கிறது என்றார். உடனே போடுங்கள் சிஸ்டரம்மா. உங்கள் பழைய அறை அப்படியே இருக்கிறது. உங்கள் மர அலமாரியின் பூட்டு மட்டும் மாறியிருக்கிறது. கேன்டீன் கட்டில்களை ஒரு அடி தள்ளிப் போட்டாயிற்று, நானே நின்று பார்த்தேன்.

டங்கு

---

மே 2

அண்ணனுக்கு,

மனுப் போட்டேன். ஆனால் உங்கள் மனு அப்படியே நின்றால் அது முழு உண்மை ஆகாது. அதில் நான் ஒன்றும் அறியாதவளாக இருக்கிறேன். எனக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தே தாளை நீட்டினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நேற்றுப் பதில் வந்தது. குறிப்பு அப்படியே இருக்கும். இனி மனுப் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

என்னைத் திட்டாதீர்கள். எழுதாமல் வந்திருந்தால் அந்த அறையில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்க முடியாது. ஓய்வும் இங்கிருந்தேதான். பிள்ளைகள் கவச உடையை ஒழுங்காகக் கழற்றப் பழகிவிட்டார்கள். அது ஒரு திருப்தி.

நான் வர முடியாத ஒரு இடத்துக்கு நீங்கள் போக வேண்டும். மார்க்கெட் தெருவில் அந்தப் பூட்டுக் கடை. அவர் மனைவிதான் இப்போது நடத்துகிறார் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று அவரிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை. 'எதிர்பாராத தட்டுப்பாடு' என்று ஒரு தாள் கொடுத்தார்கள், அவ்வளவுதான். என் பங்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். குறைத்துச் சொல்லாதீர்கள்.

பெரிய சிஸ்டர்

---

மே 15

சிஸ்டரம்மா,

உங்களைத் திட்டத்தான் நினைத்தேன். 'ட்டு' எழுதும்போதே கோபம் போய்விட்டது. மெதுவாக எழுதுகிறவனுக்குக் கோபம் தங்காது போலிருக்கிறது. ஆனால் வருத்தம் தங்குகிறது. உங்கள் அறையைப் பார்த்தபடிதான் ஸ்டோருக்கு நடக்க வேண்டியிருக்கிறது.

பூட்டுக் கடைக்குப் போனேன். முதல் நாள் போர்டைப் படித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். இரண்டாம் நாள் உள்ளே போனேன். அந்த அம்மா மெஷினில் சாவி வெட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல வெட்டிக்கொண்டே இருந்தார். என் பங்கைச் சொன்னேன். உங்கள் பங்கையும் நீங்கள் சொன்னபடியே சொன்னேன். நாற்பது காலி என்று சொன்னபோது மெஷினை நிறுத்தினார்.

"இப்ப எத்தனை இருக்கு?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"சிலிண்டரு. மறுபடி வருதுன்னு சொல்றாங்களே. இப்ப ஆஸ்பத்திரியில நெறஞ்சது எத்தனை இருக்கு?"

தெரியாது என்றேன். நான் ஓய்வுபெற்றவன் என்றேன்.

"அது தெரியாம எங்கிட்ட எதுக்குங்க வந்து நிக்கிறீங்க? போய் எண்ணிட்டு வாங்க."

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, வெளியே போ என்றும் சொல்லவில்லை. மெஷினை மறுபடி போட்டுவிட்டார்.

நேராக ஸ்டோருக்குப் போய் ஸ்டோர் அம்மாவிடம் ஸ்பானரைக் கேட்டேன். "எங்ககிட்ட மீட்டர் இருக்கு, சீட்டு இருக்கு, பட்டியல் இருக்கு. நீங்க வேற எதுக்கு?" என்றார். எல்லாம் இருக்கட்டும், நானும் ஒரு தடவை தட்டுகிறேன் என்றேன். சரி, தட்டித் தொலையுங்கள் என்றார். அவர் பட்டியலைப் படிக்க, நான் தட்ட, இரண்டு மணி நேரம் ஆயிற்று. பிறகு நான் பட்டியலைப் படித்தேன், அவர் தட்டினார். நன்றாகத்தான் தட்டுகிறார், மணிக்கட்டுத்தான் கொஞ்சம் இறுக்கம்.

பட்டியலில் நூற்று முப்பது நிரம்பியவை. தட்டியதில் நூற்று இருபத்தாறு. பின் கொட்டகையில் நான்கு சிலிண்டர் மணி மாதிரி இழுத்தன. வால்வு சரியாக மூடாமல் கசிந்திருக்கிறது. மீட்டர் வைத்துப் பார்த்தார், உண்மைதான். அந்த நான்கிலும் 'காலி' என்று சாக்பீஸால் பெரிதாக எழுதினேன். ஆஸ்பத்திரிச் சொத்தில் என் கையால் நான் எழுதிய முதல் சொல் அதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டியது. நாற்பது தடவை எழுதியிருக்க வேண்டும்.

அந்த எண்ணிக்கையை ஒரு சீட்டில் எழுதிப் பூட்டுக் கடையில் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டுச் சாவி தொங்கும் ஆணியில் குத்தி வைத்தார். "இன்னிக்கு வெள்ளிக்கிழமையா? சரி, வாரா வாரம் கொண்டாங்க" என்றார். அதே எண்ணிக்கையை உங்களுக்கும் எழுதுகிறேன். நீங்கள் அங்கே இருந்தாலும் உங்கள் ஆஸ்பத்திரி இதுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை தட்டி எண்ணிவிட்டு, பட்டியலையும் படித்துவிட்டு, அன்றைக்கே எழுதுகிறேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டாலும் எழுதுகிறேன்.

டங்கு